டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு முன்பே வந்த 600 யென் கார் ரோபோ.. பெயரையே பறிகொடுத்தது எப்படி?

கார் ரோபோவாக மாறும் பொம்மை என்றாலே பலருக்கும் சட்டென ஞாபகம் வருவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ்தான். ஆனா, அந்தப் பெயர் பிறப்பதற்கு 2 வருஷம் முன்பே ஜப்பான் கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் மாறும் ரோபோக்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. விலை 600 யென். பெயர், மெஷின் ரோபோ.

யார் தயாரித்தது?

பண்டாய் குழுமத்தின் பாப்பி நிறுவனம் 1982-ல் இதை அறிமுகம் செய்தது. மஸிங்கர் இசட் போன்ற டிவி ரோபோக்களை கனமான உலோகப் பொம்மைகளாக வார்த்து, 1974 முதல் 'சோகோகின்' என்ற பெயரில் விற்றதும் இதே பாப்பிதான். அவை ஓடியது டிவி கார்ட்டூன்களின் புகழில். மெஷின் ரோபோவுக்கோ அப்போது கார்ட்டூனும் இல்லை, கதையும் இல்லை. பைக், கார், விமானம் என நிஜ வண்டிகள் சில திருப்பங்களில் கை, கால் முளைத்து நிற்கும். அவ்வளவுதான். பாக்கெட் மணியில் வாங்கலாம் என்பதே அதன் பலம்.

அதே 1982-ல் டகாரா நிறுவனமும் 'டயாகுளோன்' வரிசையில் கார் ரோபோக்களை இறக்கியது. அவை அளவில் பெரியவை, விலையும் கூடுதல்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இரும்பு லாரி பொம்மைகளுக்குப் பேர்போன டோங்கா, மெஷின் ரோபோவை 'கோபாட்ஸ்' என்ற பெயரில் 1983-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. முதல் மாடலான பைக் ரோபோ, அங்கே சை-கில் என்ற வில்லன் ஆனது.

மறுபக்கம் ஹாஸ்ப்ரோ, டகாராவின் பொம்மைகளை வாங்கி 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆக்கியது. அதிலும் மலிவு ரகம் இருந்தது. டகாராவின் குட்டி வோக்ஸ்வாகன் பீட்டில்தான் பம்பிள்பீ!

வித்தியாசம் எங்கே என்றால், ஹாஸ்ப்ரோ கதை எழுத மார்வெல் காமிக்ஸை அழைத்தது. பாப் புடியான்ஸ்கி பல ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். பெட்டியின் பின்னால் ஒவ்வொரு ரோபோவின் பலம், வேகம், அறிவுக்கு பத்துக்கு இத்தனை என மார்க். சிவப்பு பிளாஸ்டிக் தாளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பசங்க விடுவார்களா?

கோபாட்ஸ் தரப்பில் டேங்க் ரோபோவின் பெயரே 'டேங்க்'. பொம்மை மோசமில்லை, பெயர் வைப்பதில் சோம்பல்.

சினிமாவிலும் முந்தியது

ஹன்னா-பார்பெரா தயாரித்த கோபாட்ஸ் கார்ட்டூன் 1984-ல் வந்தது. 1986 மார்ச்சில் கோபாட்ஸ் சினிமா, ஆகஸ்டில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சினிமா. இங்கேயும் முதலில் வந்தது கோபாட்ஸ்தான். ஆனாலும் 1987-உடன் அந்தப் பொம்மை வரிசை நின்றுபோனது. ஜப்பானில் மெஷின் ரோபோவுக்குத் தனி கார்ட்டூன் கிடைத்ததே 1986-ல், அதாவது அறிமுகமாகி 4 வருஷம் கழித்து!

பெயர் இப்போது யாரிடம்?

1991-ல் டோங்காவையே ஹாஸ்ப்ரோ விலைக்கு வாங்கியது. கோபாட்ஸ் என்ற பெயரும் அதன் கதாபாத்திரங்களும் போட்டியாளர் கைக்குப் போயின. பொம்மையின் அச்சுகள் மட்டும் ஜப்பானில் பண்டாயிடமே தங்கிவிட்டன. அந்தப் பெயரை ஹாஸ்ப்ரோ பின்னாளில் சின்னக் குழந்தைகளுக்கான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளுக்கு வைத்தது.