வாணீபுரத்து வணிகன்

பொட்டிபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் ஏலமலை மேகத்துள் மறைந்து தோன்றும். அம்மலைச் சரிவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைப் பாடமாக நடத்தினேன். அருஞ்சொற்பொருளைக் கரும்பலகை நிறைய எழுதினேன். நாடகத்தை ஒருநாளேனும் நடித்துக் காட்டினேனில்லை. “ஐயா, இந்தக் கதையில் யாருக்காக அழுவது?” என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். விடை கூறாமல் அடுத்த வரிக்குச் சென்றேன்.

அவ்விடையைப் பின்னாளில் பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) நூல்கள் வழியே தேடிக்கொண்டேன். இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் அவர். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசாரியாரின் குழுவினர் சென்னையில் ஆடிய தெலுங்கு நாடகங்கள் அவர் மனத்தை மாற்றின. பதினெட்டு வயதில், 1891-இல், நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கூத்தாடுவது கற்றோர்க்கு இழுக்கெனக் கருதிய காலம் அது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் விளங்கிய ஒருவர் அரிதாரம் பூசி நின்றது சிறு செய்தியன்று.

அவர் கையில் ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். சிம்பலின் சிம்மளநாதன் ஆனான். வெனிஸ் நகரமோ வாணீபுரம் ஆயிற்று. வெறும் பெயர் விளையாட்டு என நகைப்பாருமுண்டு. மூலத்தின் ஓசையும் கெடாமல், தமிழ்ச் செவிக்கும் அந்நியமாகாமல் பெயரிடுவது எளிதா? முயன்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

1599-இல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கில் நாடகங்கள் பிற்பகல் வெயிலில் நடந்தன. ஹாம்லெட்டின் முதற்காட்சியோ நள்ளிரவுக் காவல். அவ்விருளையும் குளிரையும் காவலரின் பேச்சே உண்டாக்க வேண்டும். மேடையை ஒருமுறை சுற்றிவந்து காடு கடந்துவிட்டதாகக் காட்டும் நம் தெருக்கூத்தைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. அங்கே பெண் வேடம் தாங்கியவர்கள் இளைஞர்கள். சுகுண விலாச சபையிலும் ரங்கவடிவேலு கதாநாயகியாக நின்றார். கண்ணால் படித்து உரை தேடும் நூலாக இதனை ஆக்கியவர்கள் என் போன்ற ஆசிரியர்களே.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, நீதிமன்றக் காட்சியை மாணவர்களையே நடிக்கச் செய்தேன். காய் விளையுமுன்னே முன்பணம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் பத்திரத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. பொருளும் போய், மதமும் மாறவேண்டுமெனத் தீர்ப்புப் பெற்ற ஷைலக்காக நின்ற சிறுவன் தலைகுனிந்து வாயிலைக் கடந்தான். அதுவரை அவனை எள்ளிய வகுப்பு வாயடைத்திருந்தது. அன்று கேள்வி கேட்டவன் பள்ளியை விட்டுப் போய் நெடுங்காலமாகியிருந்தது.