கல்லும் ஓலையும் மின்படியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கோமுகி ஆறு அங்கே பிறக்கிறது. அம்மாவட்டத்தின் கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், திருநறுங்கொண்டைக் குன்று நிற்கிறது. பார்சுவநாத தீர்த்தங்கரர் அப்பாண்டைநாதர் என்னும் திருப்பெயரால் வழிபடப்பெறும் பழம்பதி அது. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்பதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை, கருவியும் வேண்டுவதில்லை. பழைய எழுத்தில் பயிற்சியும் பகலொளியும் போதும்.

ஓலைக்கு அத்தகைய ஆயுள் வாய்க்கவில்லை. கறையானும் ஈரமும் அதனை அரிப்பதால், தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்ட நூல்களே எஞ்சின. எழுதுவோர் அற்றபோது நூலும் அற்றது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதிக்கு நேர்ந்தது இதுவே. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், திருவாவடுதுறையில் வளையாபதிச் சுவடியைத் தாம் ஒருகாலத்தில் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் எழுதியுள்ளார். இன்று அக்காப்பியத்தில் ஏறத்தாழ 72 பாடல்களே உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூலில் எடுத்தாளப்பட்டமையால் பிழைத்தவை. மூலச்சுவடி மறைந்தது, வேறோரிடத்தில் இருந்த படி காத்தது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகாரம், ஔஷதம், அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக வைத்தமை அதனாலேயே. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. ஒரு சுவடியைப் பொற்பேழையில் பூட்டி வைக்காமல், பல கைகளில் பரவச் செய்தமையே அவர் செய்த காவல்.

இன்று சுவடிகளையும் பழைய அச்சுநூல்களையும் ஒளிவருடி மின்படியாக்குகிறோம். அது நற்பணியே. எனினும், மின்படியாக்கிய அளவில் நூல் என்றைக்கும் நிலைத்துவிட்டதெனக் கருதுவது பிழை. மின்படி கல்லின் இனத்தைச் சேர்ந்ததன்று, ஓலையினும் மெல்லியது. ஓலை சிறிது சிறிதாகச் சிதையும். எஞ்சிய பகுதியையாவது படிக்கலாம். வன்தட்டோ ஒரே நாளில் முற்றும் வாய்மூடிவிடும். குறுந்தகடு பழுதின்றி இருந்தாலும், அதனை இயக்கும் கருவி இன்றைய கணினிகள் பலவற்றில் இல்லை. கல்வராயன் மலைமக்களின் பாடல்களைக் கைப்பேசியில் பதிந்து வைப்பினும் அக்கருவி பழுதானால் அவையும் அதனோடு மறையும்.

எழுத்துருவால் விளையும் இடர் தமிழருக்குப் புதிதன்று. கணினி அச்சுக்கோப்பின் தொடக்கக் காலத்தில் எழுத்துரு உருவாக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் உரோமன் எழுத்துகளும் புள்ளிகளும் கலந்த குழப்பமே தோன்றும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டிருந்த நூல்களை ஒருங்குறிக்கு மாற்றினர். அந்நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. ஏட்டைப் பெயர்த்தெழுதிய பணியின் மறுவடிவமே அது. அவ்வாறு மாற்றுவாரின்றிக் கிடக்கும் கோப்பு, இருந்தும் இல்லாததே.

பெயரும் ஓர் இடராகும். திருநறுங்கொண்டை 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அமைந்தது. குன்று இடம்பெயரவில்லை, பெயர்ப்பட்டியலே மாறியது. பழைய மாவட்டப் பெயரை மட்டும் தாங்கிய ஒளிப்படக் கோப்பினைப் புதிய பெயரால் தேடுவோர் எங்ஙனம் காண்பர்?

பெருநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை எனவும் கொள்ள இயலாது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் மின்மயச் சுவடிகளைப் பல மாதங்கள் உலகோர் காண இயலவில்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவே. ஆயினும் அவை தொடர்ந்து செய்யத்தக்கவை. ஒவ்வொரு கோப்பையும் மூன்று படிகளாக்கி, அவற்றுள் ஒன்றையேனும் வேற்றூரில் வைத்தல் வேண்டும். எழுத்தெல்லாம் ஒருங்குறியில் அமைதல் வேண்டும். நூற்பெயர், ஊர், பழைய மாவட்டம், புதிய மாவட்டம், படியெடுத்த நாள் ஆகியவற்றைக் கோப்பிலும் தாளிலும் எழுதுதல் வேண்டும். மின்படி உண்டெனக் கருதி ஓலையைக் கைவிடலாகாது. ஆகமங்களை நினைந்து சுவடிகளை வழிபடும் சுருத பஞ்சமியன்று, ஆண்டுதோறும் இக்கோப்புகளையும் திறந்து பார்த்து, பழுதுற்றவற்றைப் புதுப்பிப்போமாக. பெயர்த்தெழுதும் கை ஓயாதவரையில்தான் நூலுக்கு ஆயுள் உண்டு.