எக்சைமர் லேசர் கண் அறுவை

எக்சைமர் லேசர், புற ஊதா ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக வெளியிடும் வாயு லேசர். கருவிழியைச் செதுக்கிக் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, பார்வைச் சிதறல் ஆகிய குறைகளைத் திருத்த இது பயன்படுகிறது. கண் அறுவைக்கு உரியது ஆர்கான், ஃபுளூரின் வாயுக்களால் இயங்கும் வகை. அதன் அலைநீளம் 193 நானோமீட்டர்.

வரலாறு

தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஒருவரின் விழித்திரைக் கட்டியை மருத்துவர்கள் லேசரால் சுட்டு அழித்தனர். பின்னர் வந்த கார்பன் டை ஆக்சைடு, ஆர்கான் லேசர்களும் வெப்பத்தாலேயே வேலை செய்தன. வெட்டும்போதே இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவது வெப்பத்தின் நன்மை. ஆனால் ஒளி ஊடுருவ வேண்டிய கருவிழியில் சூடு பட்டால் தழும்பு விழும்; பார்வை மங்கும்.

இந்தத் தடையை நீக்கியவர்கள் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த மூவர்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை சீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். அதன்மீது பாய்ச்சிய பச்சை லேசர் திசுவைக் கருக்கியது. எக்சைமர் லேசரோ சுற்றுப்புறம் கருகாமல் துல்லியமான பள்ளத்தை வெட்டியது. கண் மருத்துவர் ஸ்டீவன் ட்ரோகெல் 1983இல் மாட்டுக் கண்களில் இதைச் சோதித்துக் கருவிழிக்கு ஏற்றது எனக் காட்டினார். 1995இல் அமெரிக்க அரசு கண் சிகிச்சைக்கு இதை அனுமதித்தது. மூவருக்கும் 2013இல் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்ப, புத்தாக்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

செயல்படும் விதம்

193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் திசுப் புரதங்களின் வேதிப்பிணைப்பை முறிக்கும் ஆற்றல் கொண்டது. பிணைப்பு அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் சுமந்துகொண்டு வெளியே சிதறிவிடுவதால், அருகிலுள்ள திசு சூடாவதில்லை. ஒரு துடிப்பு அகற்றுவது ஏறத்தாழ கால் மைக்ரான் மட்டுமே. கிட்டப்பார்வைக்குக் கருவிழியின் நடுப்பகுதி தட்டையாக்கப்படுகிறது. தூரப்பார்வைக்கு ஓரத்தில் வளையமாகச் செதுக்கி நடுப்பகுதியின் வளைவு கூட்டப்படுகிறது.

சிகிச்சை முறை

பரவலாகச் செய்யப்படுவது லேசிக். சொட்டுமருந்தால் கண் மரக்கச் செய்யப்படும். நுண்கத்தியாலோ ஃபெம்டோ லேசராலோ கருவிழியின் மேலடுக்கு மெல்லிய மடலாக வெட்டித் திருப்பப்படும். அடியிலுள்ள பகுதியை எக்சைமர் லேசர் செதுக்கியதும் மடல் பழைய இடத்தில் பொருத்தப்படும், தையல் தேவையில்லை. பிஆர்கே முறையில் மடல் கிடையாது; மேல்தோலை அகற்றிவிட்டு நேரடியாகச் செதுக்குவர். வலியும் குணமாகும் காலமும் அதில் கூடுதல்.

வரம்புகள்

18 வயது நிறையாதவர்கள், கண்ணாடிப் பவர் நிலைபெறாதவர்கள், கருவுற்றோர், கூம்புக் கருவிழி உடையோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை ஏற்றதன்று. கண் வறட்சியும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையமும் சிலருக்குத் தோன்றலாம். நாற்பதுக்குமேல் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். செதுக்கிய பகுதி மீண்டும் வளராது. அளவுக்கு மீறி மெலிந்தால் கருவிழி முன்னோக்கிப் பிதுங்கும். எனவே தடிமனையும் வளைவையும் முன்கூட்டியே அளந்து, தகுதியற்ற கண்ணைத் தவிர்ப்பதே இச்சிகிச்சையின் முதன்மையான பாதுகாப்பு.