அயோவின் வயது என்ன?

1980-ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் சூரியக் குடும்பம் பாடம். "டம்ளர் பால் சீக்கிரம் ஆறும், அண்டாப் பால் மெதுவாக ஆறும். அதுபோலச் சிறிய சந்திரன்கள் எல்லாம் எப்போதோ ஆறிப்போய்விட்டன" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், வியாழனோட சந்திரன்ல எரிமலை வெடிக்குதாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"பேர் என்னடா?"

"அயோ, சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்கார்" என்றேன். அவன் உட்காரவில்லை. "ஆறலைன்னா அது புதுசா பிறந்ததா சார்?" என்றான். பாடம் முடிக்கும் அவசரம் எனக்கு. பதில் சொல்லவில்லை.

அவன் சொன்னது உண்மைதான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. 1979 மார்ச் 5 அன்று வாயேஜர்-1 வியாழனைக் கடந்தது. மூன்று நாள் கழித்து, விண்கலத்தின் பாதையைச் சரிபார்க்க எடுத்த ஒரு படத்தில் அயோவின் விளிம்பில் குடைபோல ஏதோ விரிந்திருப்பதை லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர் கவனித்தார். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்த எரிமலைப் புகை!

இதில் இன்னொரு வேடிக்கை. பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர், அயோவின் உட்பகுதி உருகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய கட்டுரை அதே மார்ச் 2 அன்றுதான் வெளியாகியிருந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடுமல்லவா? அயோவும் அப்படித்தான். கானிமீட் ஒருமுறை வியாழனைச் சுற்றுவதற்குள் யூரோப்பா இருமுறையும் அயோ நான்கு முறையும் சுற்றிவிடுகின்றன. இந்தத் தாளத்தால் அயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல் சற்று நீண்டே நிற்கிறது. வியாழனின் இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைய, அயோ பிசையப்பட்டுச் சூடாகிறது. என் பால் டம்ளர் அடுப்பிலேயே இருந்திருக்கிறது!

பையனின் இரண்டாவது கேள்வி சுலபமானதல்ல. அயோவின் மேல் விண்கல் விழுந்த குழி ஒன்றுகூடத் தென்படவில்லை. எரிமலைக் குழம்பும் கந்தகமும் ஓயாமல் மூடிக்கொண்டே இருப்பதால் மேல்தோல் மிக இளையது. உடம்போ சுமார் 450 கோடி ஆண்டு பழையது. அப்படியானால் இந்த நெருப்பு எப்போது பற்றியது? பிறந்ததிலிருந்தேயா, இடையிலா?

2024-இல் இதற்கு ஒரு பதில் வந்தது. சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கியால் அயோவின் கந்தகத்தை அளந்தார்கள். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து மணி நிற்பதுபோல, எரிமலை கக்கிய கந்தகத்தில் இலேசான வகை அதிகமாக விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது, கனமான வகை மிஞ்சுகிறது. மிஞ்சியதை வைத்துக் கணக்கிட்டதில், அயோ தன் கந்தகத்தில் 94 முதல் 99 சதவீதம் வரை இழந்திருக்கிறது. இவ்வளவு இழக்க வேண்டுமானால், ஏறக்குறைய பிறந்த நாள் முதலே அது எரிந்திருக்க வேண்டும்.

புதுசல்ல தம்பி, ரொம்பப் பழசு. 44 வருடம் கழித்துச் சொல்கிறேன். அன்று "எனக்குத் தெரியாது, அந்தப் பேப்பரைக் கொண்டு வா, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லியிருக்கலாம். அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதே இல்லை.