கிருபாசனமும் நியாயாசனமும்: பிரிக்ஃபீல்ட்ஸ் ஆலயங்களில் மீட்பின் சொல் வரலாறு

யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964-இல் வெளியிட்ட அருள் பற்றிய ஒப்பாய்வு நூல், இத்துறையில் எவரும் சுற்றிக்கொண்டு போக முடியாத நூல். சைவத்தின் அருளும் கிறிஸ்தவத்தின் கிருபையும் செவிக்கு ஒன்றுபோல் பட்டாலும் அவற்றின் வேர் வேறு, வேறுபாடு கடவுளைப் பற்றிய கருத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது அவர் வாசிப்பின் சாரம். கருத்து முதலில், சொல் பின்னால் என்பது அதன் அடிப்படை. நான் உடன்படாத இடம் அதுதான். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றையும் எழுதியவர் அவர். சீகன்பால்கு, பப்ரிசியுஸ், இரேனியுஸ், பெர்சிவல், பவர் என்ற மொழிபெயர்ப்பாளர் வரிசையை அவரளவு அறிந்தவர் குறைவு. அந்த அறிவை அருளைப் பற்றிய ஆய்வோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், தமிழர் தேவநீதியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில் பாதியை மொழிபெயர்ப்பு மேசையே தீர்மானித்தது என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் நல்ல இடம். இரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறிய அந்தப் பகுதியில் சீயோன் லூத்தரன் ஆலயமும், தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், பாத்திமா அன்னை ஆலயமும் நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன. லூத்தரன்கள் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடவில்லை. மெதடிஸ்டுகள் வாசிப்பது 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலின் வழிவந்த பதிப்பு. கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995-இன் திருவிவிலியம். தமிழகத்தில் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் மூன்று சொல்மரபுகள் இங்கே ஒரே பேட்டைக்குள் அடங்குகின்றன.

நான் நெடுநேரம் நின்ற இடம் ஒரே ஒரு கிரேக்கச் சொல். ரோமர் 3:25-இலும் எபிரெயர் 9:5-இலும் மூலத்தில் ‘ஹிலாஸ்டேரியோன்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. முதல் இடத்தில் அது கிறிஸ்துவைக் குறிக்கும். இரண்டாம் இடத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, அதாவது ஆண்டுக்கொரு முறை பிரதான ஆசாரியன் இரத்தம் தெளிக்கும் இடத்தைக் குறிக்கும். பவர் வழிப் பதிப்பு முன்னதைக் ‘கிருபாதாரபலி’ என்கிறது, பின்னதைக் ‘கிருபாசனம்’ என்கிறது. எபிரெயர் 4:16-இல் மூலத்தில் இருப்பது முற்றிலும் வேறு சொல்: அருளின் அரியணை. அங்கேயும் தமிழில் ‘கிருபாசனம்’ என்றே நிற்கிறது. பெட்டியின் மூடியும் அரசனின் அரியணையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன.

இது கவனக்குறைவாக நேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பதிப்பில் எபிரெயரின் இந்த இரண்டு இடங்களுக்கும் வெவ்வேறு சொற்கள். லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்தில் இரண்டுக்கும் ‘க்னாடென்ஸ்டூல்’ என்ற ஒரே சொல். அருளின் இருக்கை என்பது அதன் பொருள். ரோமர் 3:25-இலும் லூத்தர் அதையே ஆண்டார். பவர் ஆங்கிலிக்கர். அவர் தலைமையில் இயங்கிய குழுவின் திருப்புதலில் ஜேம்ஸ் அரசர் பதிப்புக்கு மாறாக லூத்தரின் இணைப்பு எங்கிருந்து வந்தது? அக்குழு அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஜெர்மானியரான பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பை. தரங்கம்பாடி மிஷன் வழியாக வந்த லூத்தரன் படிவு எபிரெயரில் அப்படியே தங்கிவிட்டது, ரோமரில் மட்டும் ‘பலி’ என்ற சொல் மேலே வந்து அதை மூடிவிட்டது என்பதே என் வாசிப்பு. சான்று மெலிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொல்லின் ஒற்றுமையை வைத்து மட்டும் வழித்தடம் வரைவது ஆபத்தானது. ஆனாலும் எதிர்த்திசையில் இவ்வளவு சான்றுகூட இல்லை.

இதன் விளைவு பெரிது. பவர் வழிப் பதிப்பில் 2 கொரிந்தியர் 5:10 கிறிஸ்துவின் ‘நியாயாசன’த்தைப் பேசுகிறது. நியாயாசனம், கிருபாசனம் என இரண்டு ஆசனங்கள் எதிரெதிரே அமைந்துவிட்டன. பிரசங்கத்தை இந்தச் சொற்களில் கேட்டு வளர்ந்தவருக்கு நீதியும் இரக்கமும் ஒரே அவையில் அமர்ந்திருப்பவை. தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்து இரத்தம் தெளிக்கப்பட்ட இடத்திற்கு ஓடிச் சேர்வதே அவருக்கு இரட்சிப்பு. இந்தப் படம் கிரேக்கத்தில் இவ்வளவு கூர்மையாக இல்லை. தமிழ்ச் சொல்லிணையே அதைக் கூர்மையாக்கியது. சொல்லைக் கருத்துக்குப் பின்னால் நிறுத்தும் குலேந்திரனின் முறையில் இதற்கு இடம் கிடைக்காது.

திருவிவிலியம் இந்த இணையை மாற்றி அமைக்கிறது. பெட்டியின் மூடி ‘இரக்கத்தின் இருக்கை’, நியாயாசனம் ‘நடுவர் இருக்கை’, ரோமர் 3:25-இல் ‘கழுவாய்’. வடசொல் நீக்கிய தமிழாக்கம் என்று மட்டும் இதை விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. ‘கழுவாய்’ புறநானூறு 34-இல் வரும் சொல். கிள்ளிவளவனைப் பாடும் ஆலத்தூர் கிழார் கொடிய பாவங்களை எண்ணி, அவற்றுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்வில்லை என்கிறார். உ.வே.சா. பதிப்பு வந்தது 1894-இல், பவர் திருப்புதலுக்கு 23 ஆண்டுகள் பின். அதனால் பவர் குழுவுக்கு அச்சொல் எட்டியிருக்காது என்று சொல்லிவிட முடியாது. அச்சேறிய ஆண்டு சொல்லின் வயதாகாது. ஆனால் இன்று சங்க இலக்கியம் படித்த ஒருவர் காதில் அச்சொல் விழும்போது, கழுவ முடியாத ஒரு பாவமும் உண்டு என்ற பழைய நிழல் கூடவே வருகிறது. எல்லாரும் பாவம் செய்தார்கள், எல்லாருக்கும் ஒரே வழி என்று சொல்லும் பகுதியில் அந்த நிழல் விழுவது சிறிய செய்தி அன்று.

‘மீட்பு’ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. பவர் மரபு இரட்சிப்பையும் மீட்பையும் வேறு வேறாக வைக்கிறது. திருவிவிலியத்தில் இரண்டும் மீட்பே, இரட்சகர் மீட்பரே. கிள்ளான் அடகுக்கடையில் நகையை மீட்பவரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார். மலாய் வேதாகமத்தின் மீட்பருக்குரிய சொல்லும் அடகு மீட்கும் ‘தெபுஸ்’ என்பதிலிருந்து வந்ததே. விலை கொடுத்து விடுவிப்பது என்ற மூலப்பொருள் பிரசங்கமேடையில் இல்லாத உயிரோடு அடகுக்கடையில் இருக்கிறது.

மிகக் கடினமான வேறுபாடு நீதியிலேயே உள்ளது. பவர் மரபில் மனிதர் ‘நீதிமான்களாக்கப்படுகிறார்கள்’. திருவிவிலியத்தில் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ ஆகிறார்கள். முன்னதில் வழக்குமன்றம், பின்னதில் உறவு. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமான்களாக்கப்படுதல் என்ற கோட்பாடு குறித்த கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. 2006-இல் உலக மெதடிஸ்டுகளும் சேர்ந்தனர். உலக அளவில் மூன்று மரபுகளும் ஒத்துக்கொண்டதை இந்த மூன்று ஆலயங்களும் இன்னும் இரண்டு சொற்களில் வாசிக்கின்றன. நான் நீதிமான்களாக்கப்படுதலின் பக்கமே சாய்கிறேன். ‘ஏற்புடையவர்’ அன்பான சொல். ஆனால் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் தேவன் என்ன பதில் வைத்திருக்கிறார் என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை.

பப்ரிசியுஸின் வேதாகமம் கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்த ஆலயத்தில் எந்த ஆண்டு கைமாறியது என்பதை அச்சு நூல்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அந்தச் சான்று வீடுகளில் இருக்கிறது. தாத்தாவின் பழைய வேதாகமம் உங்கள் அலமாரியில் இருந்தால், அச்சு ஆண்டு உள்ள முகப்புப் பக்கத்தைக் கிழியாமல் காத்து வையுங்கள். ரோமர் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து, 25-ஆம் வசனத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள்.