அங்காதிபாதம் படித்தவர்கள்

கெலமங்கலத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரும் பெண்களில் பலருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுமே சரளமாக வரும். எல்லை ஊரின் வரப்பிரசாதம்! ஆனால், முதல் வருட அனாடமி, பிசியாலஜி வகுப்பில் மூன்றுமே கைகொடுக்காது. 'ஃபீமர், ஃபீமர்' என்று உருப்போட்ட பிறகுதான், 'அட, நம்ம தொடை எலும்பு!' என்று புரியும்.

'இதையெல்லாம் தமிழில் சொல்லித்தர முடியுமா சார்?' என்று கேட்பவர்கள் உண்டு. முடிந்திருக்கிறது. அதுவும் 1860-களில்!

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847-ல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே, உள்ளூர்ப் பையன்களுக்கு இங்கிலீஷில் டாக்டர் படிப்பு சொல்லிக்கொடுத்தார். பையன்கள் நன்றாகத்தான் படித்தார்கள். படித்த கையோடு பலர் சர்க்கார் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்!

கிரீன் யோசித்தார். தமிழில் படித்தவன் தமிழ் ஜனங்களோடுதானே இருப்பான்? 1864-ல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். புத்தகம் வேண்டுமே... மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் மும்முரமானார். லண்டனில் 1858-ல் வெளியான 'கிரேஸ் அனாடமி', 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. 14 வருட இடைவெளிதான்! பிசியாலஜிக்குப் பெயர் 'சுகரணம்'. தமிழ்ச் சொல் கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம். அதுவும் சரிப்படாவிட்டால் இங்கிலீஷுக்கே தமிழ் வால் ஒட்டிவிடுவார். கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது அப்படித்தான்!

அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கிவிட்டு, 1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். ஊருக்குப் போயும் தமிழ் மருத்துவப் புத்தக வேலையை விடவில்லை. 1884-ல் இறந்தார். ஆனால், அவர் கிளம்பிய பிறகு மானிப்பாயில் தமிழ் வகுப்பு வெகுகாலம் ஓடவில்லை.

2022-ல் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கான அனாடமி, பிசியாலஜி புத்தகங்களை இந்தியில் வெளியிட்டு, பெரிய விழாவே எடுத்தார்கள். மனுஷ அங்காதிபாதத்துக்கு அப்போது வயது 150!

சொல்லுக்கும் பஞ்சமில்லை, புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் நிலைக்கவில்லை? சர்க்கார் உத்தியோகமும் மதிப்பும் இங்கிலீஷ் பக்கமே இருந்தன. எந்த மொழியில் படிக்கிறோம் என்பதைவிட, படித்தால் எங்கே வேலை கிடைக்கும் என்றுதான் அன்றைக்கும் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தமிழில் படித்தவனுக்குத் தமிழ் ஊரிலேயே நல்ல உத்தியோகமும் கௌரவமும் கொடுக்காத வரை, கிரேயை இன்னும் பத்து தடவை மொழிபெயர்த்தாலும் அது அலமாரியில்தான் இருக்கும்.