உரிமையாளர் இல்லாத இரும்பு

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆதன்ஸ் என்றொரு சிறு நகரம். அங்கே ஜான் சேப்ரா என்ற ஓவியரின் பட்டறையில், அலுமினியப் பலகைமேல் ஊற்றிக் காயவைத்த துருச்சிவப்புக்குப் பூர்வீகம் தேடினால் சுமார் முப்பது கோடி ஆண்டு பின்னால் போகவேண்டும். அப்போது அந்த நிலம் சதுப்புக் காடு. மரங்கள் விழுந்து, மக்கி, அழுந்தி நிலக்கரியாகிக்கொண்டிருந்தன. அவ்வப்போது கடல் உள்ளே ஏறி வந்தது. கடல்நீரில் இருந்த சல்பேட்டைச் சேற்றுப் பாக்டீரியாக்கள் சல்ஃபைடாக மாற்றின. அது இரும்போடு சேர்ந்து பைரைட் ஆனது. மஞ்சளாக மினுக்கும் சிறுசிறு மணிகள், கரிப் படுகையோடு படுகையாகக் கிடந்தன. காற்றும் தண்ணீரும் சேர்ந்து படாதவரை பைரைட்டால் யாருக்கும் தொல்லை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆதன்ஸ் இருக்கும் ஹாக்கிங் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்தது. பின்னாலேயே கரி முதலாளிகள் வந்தார்கள். மலைகளுக்கு அடியில் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்தார்கள். 1884இல் கூலித் தகராறில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கோபத்தில் சிலர் எரியும் கரி வண்டிகளை நியூ ஸ்ட்ரெய்ட்ஸ்வில் சுரங்கங்களுக்குள் தள்ளிவிட்டார்கள். அந்த நெருப்பு மண்ணுக்கடியில் இன்னமும் அணையவில்லை. இது நம் இரும்பின் கதையல்ல, பக்கத்து வீட்டுக் கதை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் எதுவும் மூடியதோடு முடிவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கரி தீர்ந்ததும், விலை விழுந்ததும் கம்பெனிகள் கிளம்பின. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றன. வெற்றுக் குகைகளில் நீர் நிறைந்தது. பைரைட்டுக்குக் காற்றும் நீரும் ஒருசேரக் கிடைத்தன. அதிலிருந்து கந்தக அமிலம் பிறந்தது, இரும்பு கரைந்தது. இந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதற்கென்றே இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. கரைந்த இரும்போடு நீர் வெளியே வரும்போது பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். வெளிக்காற்றுப் பட்டு அமிலம் தணியத் தணிய, இரும்பு துருவாகப் படியத் தொடங்கும். ஓடை ஆரஞ்சு நிறமாகும். கற்களின் இடுக்கெல்லாம் அந்தச் சேறு மெழுகினாற்போல் அடைத்துக்கொள்ள, பூச்சிப் புழுக்களுக்கு ஒண்ட இடமிருக்காது. அவை போனால் மீனும் போகும்.

இதற்கு யாரைப் பிடிப்பது? சுரங்கம் தோண்டியவன்தான் நிலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1977இல்தான் வந்தது. அதற்கு முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு வழக்குப் போடக்கூட ஆள் இல்லை. பல கம்பெனிகளே கலைந்துவிட்டன. இன்றைய கரிக்கு விதிக்கும் கட்டணத்திலிருந்து ஒரு நிதி உண்டு. அது எல்லா ஓடைக்கும் எட்டுவதில்லை.

ஆதன்ஸுக்கு அருகே சண்டே கிரீக் என்றோர் ஓடை. (மண்டே கிரீக்கும் அங்கே உண்டு, அதற்கும் இதே கதிதான்.) டிரூடவுன் என்ற இடத்தில் பழைய சுரங்க நீர் அதில் வந்து கலக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பவுண்டுக்குக் குறையாத இரும்பு ஆக்சைடு, அதாவது ஏறக்குறைய 900 டன். நாளொன்றுக்கு இரண்டரை டன் துரு, ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல்.

இப்படிப்பட்ட நிலங்களை ஓவியர்கள் வரையாமல் இல்லை. ஓஹியோவில் வளர்ந்த சார்லஸ் பர்ச்ஃபீல்டு 1918 வாக்கிலேயே நிலக்கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும், கைவிடப்பட்ட சூளைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். அவர் கையில் சூளை வாய்கள் பேய் முகங்களாயின. 1996இல் கனடாவின் சட்பரியில் எட்வர்டு பர்டின்ஸ்கி எடுத்த நிக்கல் கழிவுப் புகைப்படங்களில் கரிய நிலத்தினூடே தீக்குழம்பு போலச் சிவந்த நீர் ஓடுகிறது. அந்தச் சிவப்பும் துருவேறிய இரும்புதான். படங்கள் அழகு. பார்க்கிறவர் திடுக்கிடுகிறார், ரசிக்கிறார், அடுத்த படத்துக்கு நகர்கிறார். சேதத்தைப் பார்த்து வரைவதில் இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு: படம் சுவருக்குப் போய்விடும், ஓடை அங்கேயே கிடக்கும்.

ஓஹியோ பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கும் சேப்ரா அந்த ஓடைகளைப் பார்க்கப் போனபோது அவர் கண்ணில் பட்டது வேறு. ஓவியன் கடையில் காசு கொடுத்து வாங்கும் சாயமே ஓடையில் ஓடிக்கொண்டிருந்தது. சேற்றை அள்ளிவந்து, தானே காயவைத்து அரைத்துப் பார்த்தார். அதே பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியாளர் கை ரீஃப்ளர், இதே சேற்றை விலைபோகும் நிறமியாக்க மாணவர்களோடு முயன்றுகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தார்கள். ஒருவருக்கு வேதியியல் தெரியும். நல்ல சாயம் தூரிகையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றவருக்குத் தெரியும்.

செய்முறை கேட்க எளிது. துரு தானாக ஓடையில் படிவதற்கு முன்பே சுரங்க நீரைப் பிடித்து, காரம் சேர்த்து அமிலத்தை முறித்து, காற்றூட்டினால் இரும்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை ஓடைக்கு விட்டுவிடலாம். வண்டலைக் கழுவிக் காயவைத்தால் மஞ்சள் பொடி. அந்த மஞ்சளுக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. சூளையில் சுட்டால் நீர் விலகிச் சிவப்பாகும். இன்னும் சூடேற்றினால் துகள்கள் பருத்து ஊதாச் சாயல் ஏறும். ஒரே ஓடையிலிருந்து மூன்று நிறம், நெருப்பின் அளவு மட்டுமே வேறு. பிரான்சின் லாஸ்கோ குகைச் சுவரில் ஆதிமனிதர் தீட்டிய காவி நிற விலங்குகளும், நம் கோயில் மதிலின் காவிப் பட்டையும், பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையும் இதே குடும்பம்தான்.

சொல்ல எளிது என்றேன், செய்ய அப்படியில்லை. துகள் ஒரே சீராக இல்லாவிட்டால் எண்ணெயோடு இழையாது. இந்த வாரம் வந்த நிறம் அடுத்த வாரமும் வரவேண்டும். சாய வியாபாரத்தில் கருணைக்கு இடமில்லை. ஓடையைக் காப்பாற்றிய சிவப்பு என்பதற்காக மங்கலான சிவப்பை யாரும் வாங்கமாட்டார்கள். போர்ட்லண்டில் உள்ள கேம்ப்ளின் என்ற எண்ணெய்வண்ணக் கம்பெனி அந்தப் பொடியை ஏற்று ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது. 2018இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, பழுப்புக் காவி, துருச்சிவப்பு, இரும்பு ஊதா என்று மூன்று டியூப்கள் கொண்ட தொகுதியாக அது வெளிவந்தது.

சேப்ராவின் ‘குரோமா’ வரிசை ஓவியங்களில் சுரங்கம் இல்லை, இடிந்த ஆலை இல்லை. பெரிய வட்டங்கள், அவற்றுள் நிறமிகளை நீரோடு ஊற்றி, அவை தாமாகப் பரவிப் படிய விடுகிறார். ஓடையில் நடந்ததே பலகையிலும் நடக்கிறது: நீர் போகிறது, இரும்பு தங்குகிறது. பார்ப்பதற்குக் கோளம் போலவும் செல் போலவும் இருக்கின்றன. எனக்கு இவை சற்று அதிகமாகவே அழகு. செத்த ஓடையின் நாற்றம் கொஞ்சமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் படத்தில் இல்லாத கோபம் பொருளில் இருக்கிறது. அந்த வட்டத்தில் உள்ள ஒவ்வொரு துருத் துகளும் ஓடையின் அடியில் போய்ப் படியாத துகள்.

எத்தனை துகள் என்று கேட்டால் ஓவியம் கை விரித்துவிடும். நாளுக்கு இரண்டரை டன்னை உலக ஓவியர்கள் எல்லோரும் கூடினாலும் தீட்டித் தீர்க்க முடியாது. இரும்புச் சாயத்தின் உண்மையான சந்தை கட்டடப் பெயின்டு, நிறச் செங்கல், கான்கிரீட். பென்சில்வேனியாவில் ராபர்ட் ஹெடின் இவர்களுக்கு முன்பே சுரங்கத் துருவை டன் கணக்கில் நிறமிக் கம்பெனிக்கு விற்றுக் காட்டியவர். ஓஹியோவில் ரூரல் ஆக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம் ‘ட்ரூ பிக்மென்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு தொழிலைத் தொடங்கியது. டிரூடவுன் நீர் முழுவதையும் பிடித்துச் சுத்திகரிக்கும் ஆலை வேண்டும், பொடியை விற்ற காசில் அந்த ஆலை ஓட வேண்டும் என்பது கணக்கு. காரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆள்கூலிக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். நன்கொடையை நம்பி ஒரு சுரங்கத்தை எத்தனை தலைமுறைக்குக் கழுவ முடியும்? அதனால் இப்போது அந்த இரும்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கலைக்கூடத்தை விடப் பெயின்டு கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகளிடம்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது: கிலோ என்ன விலை, நிறம் மாறாமல் வருமா, ஆண்டுக்கு எத்தனை டன் தருவீர்கள்.